பட்டாளத்து லீவு லெட்டர்

(வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் போன இதழில் ஒரு பதில் எழுதினேன். கெட்டிஸ்பர்க் சண்டை பற்றிக் கேட்பார்கள் என்று பார்த்தால், வந்த கடிதங்களில் பாதி லீவு பற்றி! சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வாசகர்கள் அதிகம் போலிருக்கிறது. இந்த முறை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.)

கே: வடக்கே மக்கள்தொகை அதிகம், பணம் அதிகம், ஃபாக்டரி அதிகம். அவர்களுக்குமா ஆள் பஞ்சம்? (ஈரோடு)

ப: ரெஜிஸ்டரில் பஞ்சமே இல்லை, களத்தில்தான். 1862 ஜூலை 13 அன்று ஜனாதிபதி லிங்கன் தன் தளபதி மெக்லெல்லனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் என்பதைவிடக் கணக்கு நோட்டு என்பது பொருத்தம். உங்கள் படைக்கு அனுப்பியது 1,60,000 பேருக்கு மேல். போன வாரம் வந்து பார்த்தபோது இருந்தது 86,500. மீதி 73,500. செத்தது, காயப்பட்டது, காணாமல் போனது எல்லாம் சேர்த்து 23,500 என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 50,000. அதில் நோயில் இறந்தவர்கள் 5,000-க்கு மேல் இருக்காது. ஆக, 45,000 பேர் உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் உங்களிடம் இல்லை. எங்கே?

மளிகைக் கடை முதலாளி மாலையில் கல்லாவை எண்ணிவிட்டுக் கணக்குப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. மெக்லெல்லனின் பதில் இன்னும் சுவாரஸ்யம். இல்லாதவர்களில் 34,000 பேருக்கு மேல் முறையான அனுமதியோடுதான் போயிருந்தார்கள். சொல்லாமல் ஓடியவர்கள் சில ஆயிரம்தான். கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பியது அவர்களுடைய ஆபீசர்களும் டாக்டர்களுமே. காயம்பட்டவனைச் சொந்த மாநில ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். காயம் ஆறும். ஆனால் அந்த ஊரிலிருந்து அவனைப் பிரித்துக் கொண்டுவருவது யார் வேலை என்று எந்த உத்தரவிலும் தெளிவாக இருக்காது.

கே: லீவு சீட்டில் என்னதான் எழுதியிருக்கும்? (முன்னாள் ஹவில்தார், வேலூர்)

ப: உங்களுக்குப் பழக்கப்பட்ட சமாச்சாரம்தான், கொஞ்சம் காரம் கூடுதல். அச்சடித்த படிவம். வயது, உயரம் இத்தனை அடி இத்தனை அங்குலம், மேனி நிறம், கண் நிறம், முடி நிறம், பட்டாளத்துக்கு வருமுன் செய்த தொழில் எல்லாம் நிரப்ப வேண்டும். போட்டோ ஒட்டாத காலம். சீட்டை இன்னொருவன் வாங்கிக்கொண்டு நழுவிவிடக் கூடாதே! இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை. அதன்பின் ரெஜிமென்ட் எங்கிருந்தாலும் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் ஓடிப்போனவனாகக் கருதப்படுவான். சாப்பாடு எதுவரை கொடுத்தாயிற்று, சம்பளம் எதுவரை கொடுத்தாயிற்று என்றும் இரண்டு கோடிட்ட இடம் உண்டு. சம்பளக் கோட்டை நிரப்பும்போது குமாஸ்தாவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். மாதக்கணக்கில் பாக்கி.

"ரெஜிமென்ட் எங்கிருந்தாலும்" என்பதைக் கவனித்தீர்களா? லீவு முடிந்து வருபவன் தன் படையைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

கே: 'பாட்டி செத்துப்போச்சு' என்று லீவு கேட்கும் வழக்கம் அங்கேயும் உண்டா? (தாம்பரம்)

ப: ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஆனால் தெற்கே பெரும்பாலும் பொய்க்கு அவசியமே வரவில்லை. வீட்டில் சாவு நிஜம், பசி நிஜம், உழ ஆளில்லாத நிலம் நிஜம். சிப்பாய் கேட்பதற்கு முன்பே மனைவி நேராகக் கவர்னருக்கு எழுதிவிடுவாள். வட கரோலினா கவர்னர் வான்ஸுக்கு அப்படி வந்த கடிதங்கள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சில ஊர்களில் எல்லோரும் சேர்ந்து மனு போட்டார்கள்: எங்கள் ஊருக்கு இருந்தது ஒரே கொல்லர், அவரையாவது திருப்பி அனுப்புங்கள், கலப்பைக்குக் கொழு அடிக்க ஆளில்லை.

கே: லீவு கொடுத்தால் ஓடிவிடுவான், கொடுக்காவிட்டாலும் ஓடுவான். தளபதி என்னதான் செய்வது? (திருச்சி)

ப: ஜோசப் ஹூக்கர் செய்ததைச் செய்யலாம். 1862 டிசம்பரில் பிரெடரிக்ஸ்பர்க்கில் வடக்குப் படை செமத்தியாக அடி வாங்கியது. ஜனவரிக் குளிர், சேறு, சொறி, வராத சம்பளம். ஹூக்கர் பொறுப்பேற்றபோது பட்டியலில் இருந்தும் முகாமில் இல்லாதவர்கள் 80,000-க்கு மேல். வீடுகளிலிருந்து வந்த பார்சல்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சாதாரண சட்டை, பேன்ட். பிள்ளை யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வர, வீட்டாரே துணி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்!

ஹூக்கர் பார்சலை நிறுத்தினார். கூடவே லீவைத் திறந்துவிட்டார். முகாமில் இருக்கும் நூறு பேருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர், பத்து நாள். தூர மாநிலம் என்றால் பதினைந்து. போனவன் திரும்பினால்தான் அடுத்தவனுக்குச் சீட்டு. சோதனையில் அழுக்காக, ஒழுங்கில்லாமல் மாட்டிய ரெஜிமென்டுக்கு லீவே கட். சுத்தமாக இருந்த ரெஜிமென்டுக்கு நூற்றுக்கு இரண்டு என்பது மூன்றானது.

இதில் இருக்கும் வில்லத்தனம் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஓடிப்போகிறவனைப் பிடிக்கும் வேலையை ராணுவப் போலீஸிடமிருந்து எடுத்து, அவனுக்குப் பின்னால் லீவுக்குக் காத்திருக்கும் தொண்ணூற்றெட்டு பேரிடம் கொடுத்துவிட்டார். ஒருத்தன் வராமல் போனால் கெடுவது இன்னொருத்தன் லீவு. லிங்கனுக்கே முதலில் தயக்கம். மூன்று வாரம் பரீட்சித்துப் பார்க்கிறேன் என்று ஹூக்கர் அனுமதி வாங்கினார். வசந்தம் வந்தபோது படை நிமிர்ந்து நின்றது. லீவோடு புது ரொட்டியும் காய்கறியும் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கே: அப்படியானால் ஹூக்கர் போரிலும் ஜெயித்திருப்பாரே? (அதே திருச்சி வாசகர்)

ப: மே மாதம் சான்சலர்ஸ்வில்லில் தெற்குத் தளபதி லீயிடம் தோற்றார். லீவு விஷயத்தில் ஜெயித்தவர், லீ விஷயத்தில் கோட்டைவிட்டார்.

கே: ஓடிப்போனவர்களைச் சுட்டார்களா, மன்னித்தார்களா? (காரைக்குடி)

ப: இரண்டும். 1863 மார்ச் 10 அன்று லிங்கன் ஒரு பிரகடனம் விட்டார். ஏப்ரல் 1-க்குள் திரும்பி வந்துவிடுங்கள், இல்லாத நாட்களின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு தண்டனை கிடையாது. அறிவித்த தேதி முட்டாள்கள் தினம் என்றாலும் நிஜமாகவே பல ஆயிரம் பேர் வந்தார்கள். கோழைத்தனத்துக்காக மரண தண்டனை பெற்றவர்களின் ஃபைல்களை லிங்கன் 'கால் கேஸ்' என்று தனியாக ஒதுக்கி வைப்பாராம். ஓடியது கால்தானே, கழுத்தை எதற்குத் தண்டிப்பது? அதேசமயம் சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. கருணை எல்லா ஃபைலுக்கும் எட்டவில்லை.

கே: பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? (மதுரை)

ப: செக் எழுதினார்கள். 1863 மார்ச்சில் வடக்கில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. குலுக்கலில் பெயர் விழுந்தால் 300 டாலர் கட்டி அந்த முறைக்குத் தப்பலாம். அல்லது கூலிக்கு ஒரு பதிலாளை அனுப்பலாம். சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த 300-ஐப் பாருங்கள். அதே வருடம் ஜூலையில் நியூயார்க் பற்றி எரிந்தது. கோபம் சட்டத்தின் மேல், அடி விழுந்தது கறுப்பின மக்கள் மேல். அவர்கள் குழந்தைகளின் அனாதை இல்லத்தைக்கூடக் கொளுத்தினார்கள்.

சட்டத்தால் எத்தனை பேர் கிடைத்தார்கள்? தேறியவர்கள் சுமார் 2,07,000. அதில் 87,000 பேர் பணம் கட்டினார்கள், 74,000 பேர் பதிலாள் அனுப்பினார்கள். தானே துப்பாக்கி தூக்கியவர்கள் 46,000. இவ்வளவு சிரமத்துக்கு இதுதான் அறுவடை. ஆனால் ஒன்று. கட்டாயம் வரப்போகிறது என்ற பயத்தில் 'நானே வருகிறேன்' என்று போனஸ் பணத்துக்குச் சேர்ந்தவர்கள் பல லட்சம். அந்தச் சட்டம் பிடித்ததைவிட விரட்டியது அதிகம்.

பின்னாளில் ஜனாதிபதியான குரோவர் கிளீவ்லேண்ட் 150 டாலருக்கு ஒருவரைப் பிடித்து அனுப்பியவர். வயது கடந்துவிட்ட லிங்கனும் தன் சார்பில் ஓர் இளைஞரை அனுப்பினார். அவருக்கு அது சட்டக் கட்டாயம் அல்ல, ஊருக்கு முன்மாதிரி.

கே: போனஸ் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால்? (கோவில்பட்டி)

ப: அதுவே ஒரு தொழிலாகிவிட்டது. ஓர் ஊரில் சேர், பணம் வாங்கு, ரயிலில் குதி, அடுத்த ஊரில் வேறு பெயரில் சேர். முப்பது தடவைக்கு மேல் சேர்ந்ததாக ஒப்புக்கொண்ட கில்லாடியும் உண்டு. இன்றைக்கு இருந்தால் ஏதாவது ஸ்டார்ட்-அப் நடத்திக்கொண்டிருப்பார்.

கே: பட்டாளத்துக்குப் போகாமல் தப்ப வேறு என்ன வழி? (பல் மருத்துவ மாணவி, சேலம்)

ப: உங்கள் துறைதான். தோட்டாவும் மருந்தும் காகிதச் சுருளில் இருக்கும். அதைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் துப்பாக்கியில் கொட்ட வேண்டும். முன்பல் இல்லாதவனால் முடியாது. ஆகவே சிலர் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

கே: தெற்கில் மட்டும் எல்லோரும் மனமுவந்து போனார்களோ? (பாண்டிச்சேரி)

ப: கட்டாய ஆள்சேர்ப்பை வடக்கைவிட ஒரு வருடம் முன்னால் கொண்டுவந்ததே தெற்குதான், 1862 ஏப்ரல் 16-ல். அதிலும் ஒரு துரோகம் உண்டு. முந்தின டிசம்பரில் தெற்கு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஒரு வருடத்துக்குச் சேர்ந்த சிப்பாய்கள் மறுபடி சேர்ந்தால் 50 டாலர் போனஸ், 60 நாள் லீவு. சிலர் சேர்ந்தார்கள். பலர், 'வருடம் முடியட்டும், வீட்டுக்குப் போய் யோசிக்கலாம்' என்றார்கள். வசந்தம் வந்தது, எதிரி தெற்கின் தலைநகர் ரிச்மண்டை நோக்கி வந்தான், புதுச் சட்டமும் வந்தது: யாரும் எங்கேயும் போக வேண்டாம், மொத்தம் மூன்று வருடம். வீட்டுக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தவன் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அக்டோபரில் அடுத்த அடி. இருபது அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரருக்கு விலக்கு. சொந்தமாக ஓர் அடிமைகூட இல்லாத ஏழை விவசாயிதான் அந்தப் படையின் முதுகெலும்பு. பணக்காரன் போர், ஏழையின் சண்டை என்று அவன் முணுமுணுத்ததில் ஆச்சரியம் இல்லை.

கே: அரசியல்வாதிகள் பங்கு? (விருதுநகர்)

ப: ஜார்ஜியா கவர்னர் ஜோசப் பிரவுன். மத்திய அரசு தன் ஆட்களைத் தொடக் கூடாது என்பதற்காக மாநில ஊர்க்காவல் படையில் ஏகப்பட்ட பேரை ஆபீசராக்கி விலக்கு வாங்கினார். அவர்களுடைய ரெஜிமென்ட் ஒன்றில் பீல்டு ஆபீசர் 3, ஸ்டாப் ஆபீசர் 4, கேப்டன் 10, லெப்டினன்ட் 30, வயிற்றுவலியோடு ஒரே ஒரு சிப்பாய் என்று ஒரு தெற்குத் தளபதியே கிண்டலடித்தார்.

1864 செப்டம்பர் 2-ல் அட்லாண்டா விழுந்தது. உள்ளே வடக்குத் தளபதி ஷெர்மன் உட்கார்ந்திருக்கிறார். பிரவுன் என்ன செய்தார் தெரியுமா? தன் ஊர்க்காவல் படை முழுவதுக்கும், ஏறக்குறைய 10,000 பேருக்கு, அறுவடை லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ரிச்மண்டில் ராணுவ மந்திரிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் பிரவுன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சோளம் வயலிலேயே கிடந்தால் குளிர்காலத்தில் அந்தப் பத்தாயிரம் குடும்பம் எதைத் தின்னும்? நவம்பரில் ஷெர்மன் கிளம்பி வந்து, களஞ்சியத்தில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் தின்றார் என்பது வேறு கதை.

கே: ஓட்டுப் போட லீவு உண்டா? (தேர்தல் பணியில் நொந்த ஆசிரியை, நாமக்கல்)

ப: உண்டு. 1864-ல் பல மாநிலங்கள் முகாமிலேயே ஓட்டுப்போட அனுமதித்தன. இந்தியானா அனுமதிக்கவில்லை. அங்கே அக்டோபரில் மாநிலத் தேர்தல். செப்டம்பர் 19-ல் லிங்கன் ஷெர்மனுக்கு எழுதினார். இது உத்தரவல்ல, உங்கள் படைக்கு ஆபத்தில்லாத அளவுக்கு இந்தியானா சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்பினால் நல்லது, நவம்பர் ஜனாதிபதி தேர்தல் வரை அவர்கள் இருக்கத் தேவையில்லை. போருக்கு நடுவே ஜனாதிபதி இவ்வளவு பணிவாக ஒரு தளபதியிடம் லீவு கேட்கிறார் என்றால் தேர்தல் பயம் எப்படிப்பட்டது பாருங்கள். ஷெர்மன் பெரும்பாலும் நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் அனுப்பி வைத்தார். ஓட்டுக்கு ஓட்டு, ஆளுக்கும் நஷ்டமில்லை.

கே: கறுப்பினச் சிப்பாய்களுக்கு லீவு கிடைத்ததா? (ஆய்வு மாணவர், சென்னை)

ப: வடக்கின் ஆள் பஞ்சத்தைத் தீர்த்ததே அவர்கள்தான். சுமார் 1,80,000 பேர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் என்றால் இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கு 3 பிடித்தம். 1864 ஜூனில்தான் சமமானது. லீவு? முதலில் வீடு வேண்டுமே. கென்டக்கி வடக்கோடு இருந்த மாநிலம், ஆனால் அங்கே அடிமை முறை செல்லும். பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு விடுதலை. அவன் மனைவியும் பிள்ளைகளும் அதே எஜமானின் சொத்து. அந்த எஜமான் சும்மா இருப்பானா? அடி, உதை, துரத்தல். அதனால் குடும்பங்கள் சிப்பாயின் பின்னாலேயே கேம்ப் நெல்சன் முகாமுக்கு வந்து குடிசை போட்டுக்கொண்டன.

1864 நவம்பர் கடைசியில், கடுங்குளிரில், முகாம் அதிகாரி அந்தப் பெண்களையும் குழந்தைகளையும், சுமார் 400 பேரை, வெளியேற்றிக் குடிசைகளை இடித்தார். ஒரு சிப்பாய் சில நாள் கழித்துக் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. மகனுக்கு உடம்பு சரியில்லை, குளிரில் எடுத்துப்போனால் செத்துவிடுவான் என்று காவலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். வண்டியில் ஏறாவிட்டால் சுட்டுவிடுவேன் என்று பதில். அன்று இரவு ஆறு மைல் நடந்து போய்த் தேடிக் கண்டுபிடித்தார். ஒரு பழைய கூட்ட மண்டபத்தில் குடும்பம் இருந்தது. பையன் இறந்துவிட்டிருந்தான். இரவே முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பினார். மறுநாள் மீண்டும் நடந்து போய், தானே குழி தோண்டி, பையனைப் புதைத்துவிட்டு, மீண்டும் முகாமுக்கு வந்தார்.

வெளியேற்றப்பட்டவர்களில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். செய்தி பத்திரிகைகளில் வந்து, வாஷிங்டன் வரை போய், 1865 மார்ச் 3-ல் கறுப்பினச் சிப்பாய்களின் மனைவி, மக்களுக்கு விடுதலை தரும் சட்டம் நிறைவேறியது.

கே: மூன்று வருடம் முடிந்தவர்கள் எல்லோரும் கிளம்பியிருந்தால் வடக்கின் கதி? (கும்பகோணம்)

ப: அதோகதிதான். 1861-ல் மூன்று வருடத்துக்குச் சேர்ந்தவர்களின் கெடு 1864-ல் முடிந்தது. வடக்குக் காலாட்படையில் கிட்டத்தட்டப் பாதி ரெஜிமென்ட் கலைய வேண்டிய வருடம். தெற்கு இதே சிக்கலுக்கு வழக்கமான மருந்தையே போட்டது: யாரும் போகக் கூடாது, போர் முடியும்வரை இரு. வடக்கு பேரம் பேசியது. மறுபடி சேர்ந்தால் 400 டாலர், சட்டைக் கையில் தனிப் பட்டை, 'மூத்த தொண்டர்' என்ற பட்டம், முக்கியமாக 30 நாள் லீவு. ரெஜிமென்டில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டால் ரெஜிமென்ட் தன் எண்ணையும் கொடியையும் வைத்துக்கொள்ளலாம், மொத்தமாக ஊருக்குப் போகலாம். பேண்டு வாத்தியம், விருந்து, தெருவெல்லாம் கூட்டம். இன்னும் நாலு கையெழுத்துத்தான் குறைகிறது என்று கூடாரம் கூடாரமாகப் போய் நச்சரித்திருப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

1,36,000 பேர் மறுபடி சேர்ந்தார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் 'போதுமப்பா' என்று கிளம்பினார்கள். மூன்று வருடம் ரத்தம் பார்த்தவனை மேலும் மூன்று வருடத்துக்கு இழுத்தது 400 டாலரா, 30 நாளா? 30 நாள் என்றே நினைக்கிறேன். வீட்டைப் பார்க்க வேறு உடனடி வழி இல்லை.

கே: 'வா' என்று கடிதம் எழுதி ஆண்களை ஓடவைத்தது பெண்கள்தான் என்று படித்தேனே? (இல்லத்தரசி, திண்டுக்கல்)

ப: தெற்குப் பத்திரிகைகள் அப்போதே அப்படித்தான் புலம்பின. உற்சாகமான விஷயங்களை மட்டும் எழுதுங்கள் என்று பெண்களுக்கு உபதேசம் செய்தன. 1864 தொடக்கத்தில் ரிச்மண்டில் ஒரு பீப்பாய் மாவு 200 டாலரைத் தாண்டியது. சிப்பாயின் மாதச் சம்பளம் 11 டாலர். ஒரு வருடச் சம்பளத்தில் ஒரு பீப்பாய் மாவு வராது. இதில் எதை உற்சாகமாக எழுதுவது? 1863 ஏப்ரல் 2-ல் அதே ரிச்மண்டில் பெண்கள் கோடாரியோடு கடைகளை உடைத்தார்கள். தெற்கின் ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸ் வண்டிமேல் ஏறி நின்று சட்டைப்பையிலிருந்த காசை எடுத்து வீசினார். கலைந்து போகாவிட்டால் சுடச் சொல்வேன் என்றும் சொன்னார். 1864 செப்டம்பரில் மேக்கனில் பேசும்போது அவரே ஒப்புக்கொண்டார்: நம் ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கு படையில் இல்லை, பெரும்பாலோர் லீவு இல்லாமலே போனவர்கள். பழியைக் கடிதத்தின் மேல் போடுவது எளிது, மாவு விலைமேல் போட்டால் மந்திரிசபை பதில் சொல்ல வேண்டும்.

கே: தெற்கில் ஹூக்கர் மாதிரி ஒருத்தர்கூட இல்லையா? (ஓசூர்)

ப: ஜோசப் ஜான்ஸ்டன். 1863 நவம்பரில் மிஷனரி ரிட்ஜில் சிதறி ஓடிய படை டால்டனில் ஒதுங்கியிருந்தது. அதுவரை தளபதி பிராக். ஓடினால் சுடு என்பதே அவர் மேலாண்மைத் தத்துவம். ஜான்ஸ்டன் வந்ததும், திரும்புகிறவர்களுக்கு மன்னிப்பு என்றார், படை முழுவதற்கும் முறைவைத்து லீவு கொடுத்தார். சில மாதத்தில் அதே ஆட்கள் ஷெர்மனை அட்லாண்டா வரை மல்லுக்கட்டித் தடுக்கும் படையானார்கள். அட்லாண்டா வாசலில் அவரை மாற்றிவிட்டார்கள். காரணம் லீவு அல்ல, பின்வாங்கிக்கொண்டே இருந்தது.

கே: இந்தப் போரால் நம் பக்கம் ஏதாவது? (தூத்துக்குடி)

ப: உங்கள் துறைமுகத்தைக் கேளுங்கள். அமெரிக்கப் பருத்தி நின்றதும் திருநெல்வேலிப் பருத்திக்கு லங்காஷயரில் ஏக கிராக்கி. கரிசல் நிலத்துக்கு நாலு வருடம் தீபாவளி.

கே: கடைசியில் லீயின் படைக்கு லீவு எப்போது கிடைத்தது? (செங்கல்பட்டு)

ப: 1865 ஏப்ரலில். அதற்கு முன் பிப்ரவரியில், பத்தே நாளில், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தாங்களாகவே லீவு எடுத்துக்கொண்டதாக லீ மேலிடத்துக்குத் தெரிவித்திருந்தார். ஏப்ரல் 9-ல் அப்போமட்டாக்ஸில் சரண். யாரையும் சிறைபிடிக்கவில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார் வடக்குத் தளபதி கிராண்ட். குதிரைகள் சிப்பாய்களின் சொந்தக் குதிரைகள் என்று லீ சொன்னதும், உழவுக்கு வேண்டியிருக்குமே என்று, ஒப்பந்தத்தில் எழுதாமலே, கொண்டு போகட்டும் என்று ஆபீசர்களுக்குச் சொல்லிவிட்டார். கையோடு ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வைத்து இரவு பகலாகச் சீட்டு அடித்தார்கள். ஏறக்குறைய 28,000 சீட்டு. பெயரை நிரப்பி, தங்கள் சொந்த ஆபீசரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். அதைக் காட்டினால் வடக்கின் ராணுவ ரயிலிலும் கப்பலிலும் டிக்கெட் இல்லாமல் போகலாம். திரும்பி வரவேண்டிய தேதிக்கு அதில் இடமே விடவில்லை.